பூஜ்யம் காட்டினால் போகலாம்

முசரவாக்கம் தாண்டி, மூடிப்போன கேஸ் ஃபேக்டரியில் விஷம் ஊறிய மண்ணை அள்ளுகிறார்கள். வேலை முடிந்து குளித்து வருகிறவர்களைச் சுகாசினி மீட்டர் வைத்துச் சோதிப்பாள். உடம்பிலோ மூச்சிலோ கேஸ் இருந்தால் அது அலறும். பூஜ்யம் காட்டினால்தான் கேட்டைத் திறப்பாள்.

அன்று முனிரத்தினத்திடம் அலறியது. மறுபடி குளித்துவிட்டு வந்தும் அலறியது.

"என் பொண்ண பாக்க வந்துக்கினு இருக்காங்கமா. தொறந்து உடு."

"மூச்ச அடக்குங்கண்ணா," என்றாள். மீட்டர் அடங்கியது. அவர் வாய் திறக்காமல் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கடைசியாகத் தன்னையே சோதித்தாள். அலறியது. அவளும் மூச்சை அடக்கினாள், பூஜ்யம். கேட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். இருபது நிமிஷ நடை.

முனிரத்தினம் அங்கே வாயை மூடியபடியே நின்றிருந்தார். மார்பு அசையவில்லை. 'மூச்ச உடுங்கண்ணா' என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான், தானும் இன்னும் விடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.