பச்சைக் கலசம்

"எறிஞ்சு வேணாலும் பாருங்க சார், ஒண்ணும் ஆவாது."

சொன்னதோடு நிற்காமல் மாணிக்கவேல் தானே ஒரு கலசத்தை எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து சாக்கின் மேல் போட்டுக் காட்டினார். அது உருண்டுபோய், புதுச்சேரியிலிருந்து வந்திருந்த பாலகிருஷ்ணனின் செருப்புக்குப் பக்கத்தில் நின்றது. கீறல்கூட இல்லை. ஆர்டர் கொடுத்த அந்த மனிதர் அதைக் குனிந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் மட்டும் மலர்ச்சியைக் காணோம்.

மாணிக்கவேல் இன்னொரு கலசத்தையும் எடுத்து நீட்டினார். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கும் அவர், விறகுச் சூளையை இடித்துவிட்டுக் கேஸ் சூளைக்கு மாறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சூளையிலிருந்து புகையே வராததைப் பார்த்துவிட்டு, "என்ன மாணிக்கம், கடையக் கட்டிட்டியா?" என்று பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேட்டுக் கேட்டு அவரை ஒருவழி ஆக்கியிருந்தார்கள். அகல் விளக்கு வியாபாரமோ கார்த்திகையோடு சரி. மற்ற மாதங்களில் சூளை சும்மா கிடந்தால், வேலைக்கு வரும் பெண்களை வீட்டிலேயே இருக்கச் சொல்ல வேண்டியதுதான். இந்த ஆர்டர் நிலைத்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

போனில் பாலகிருஷ்ணன் சொன்ன சேதி அப்படி. இந்தச் சரக்குக்கு சீசன் என்று ஒன்றே கிடையாதாம். ஆடி மாதத்தில்கூட டல்லடிக்காதாம். வாங்குகிறவர்கள் பேரமே பேச மாட்டார்களாம். கைக்கு அடக்கமாக, மூடி போட்ட கலசம் வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை, எல்லாமே பச்சையாக இருக்க வேண்டும்.

"பச்சைக் கலர் அடிக்கணுமா?" என்று மனைவி மகேஸ்வரி கேட்டபோது மாணிக்கவேல் சிரித்துவிட்டார். கடலூரில் சிறுதொழில்காரர்களுக்கு நடந்த கூட்டத்தில் நாள் முழுக்க 'க்ரீன், க்ரீன்' என்று கேட்டுக் காது புளித்துத் திரும்பியவர் ஆயிற்றே.

"கலர் இல்ல மகேசு. சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாம செய்யணும்ங்கிறாரு. எல்லாரும் இங்கிலீஷ்ல சொல்றத இவரு தமிழ்ல சொல்றாரு, அவ்ளோதான்."

இந்தக் கலசம் எதற்காம் என்றும் அவள் கேட்டாள். ஆர்டர் கொடுக்கிறவரை நோண்டி நோண்டிக் கேட்டால் ஓடியே போய்விடுவார், கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுக்கத்தான் இருக்கும் என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டார்.

அப்புறம் இரண்டு பேரும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்கள். உடைந்து குவிந்து கிடந்த பீங்கானை அரைத்து மண்ணோடு சேர்த்தார்கள். பளபளப்புக்கு ஈயம் கலக்காத கிளேஸ் பூசினார்கள். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தெளியவைத்து மறுபடியும் எடுத்துக்கொண்டார்கள். பெட்டிக்குள் தெர்மோகோலுக்குப் பதிலாக வைக்கோல் வைத்தார்கள்.

இத்தனையையும் மாணிக்கவேல் இப்போது மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்தார். ரொம்ப நல்ல காரியம் என்று பாலகிருஷ்ணனும் மனதாரச் சொன்னார். சொல்லிவிட்டு, "தண்ணியில போட்டா...?" என்று மெதுவாக இழுத்தார்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவரைப் போல மாணிக்கவேல் அவரைத் தொட்டிப் பக்கம் அழைத்துப்போனார். நேற்றே ஊறப்போட்ட கலசம் ஒன்று அடியில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து விரலால் சுண்டினார். கணீரென்றது.

"ஒரு மாசம் ஊறினாலும் இதே சத்தந்தான் சார். உங்க பேரப்புள்ளைங்க காலத்துலயும் அப்படியே இருக்கும்."

"அடடா" என்றார் பாலகிருஷ்ணன். பாராட்டுகிற குரலாக அது இல்லை.

அதற்குள் மகேஸ்வரி டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஆர்டர் கையைவிட்டு நழுவுகிறதோ என்ற பயத்தில் மாணிக்கவேல் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"எங்களுக்கே ஆசை வுடல சார். வூட்டுல ஆளுக்கு ஒண்ணு எடுத்து வெச்சுக்கிட்டோம். என் பேரு எழுதி ஒண்ணு, அவ பேரு எழுதி ஒண்ணு. உங்களுக்கும் ஒண்ணு பேரு எழுதித் தரச் சொல்றேன்."

பாலகிருஷ்ணனுக்கு டீ புரையேறிவிட்டது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது. யாரோ உங்களை நினைக்கிறாங்க என்று சொல்லிவிட்டு மகேஸ்வரி தண்ணீர் எடுத்துவர உள்ளே ஓடினாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் அவர், இருமல் அடங்கியதும். "இத நான் எடுத்துக்கிட்டுப் போவ முடியாது."

மாணிக்கவேல் ஒரு கலசத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "என்ன குறை சார்?"

"ஒரு குறையும் இல்ல, அதாங்க குறை. நீங்க மண்ணுல வேலை செய்யறவரு. உங்க பாஷையிலயே சொன்னா சட்டுனு புரியும்னுதான் பச்சைன்னு சொன்னேன். சூளையில வெக்காத மண்ணைத்தானே நீங்க பச்சைம்பீங்க?"

மாணிக்கவேல் நாக்கைக் கடித்துக்கொண்டார். பட்டறையில் தினமும் புழங்கும் சொல். கூட்டத்துக்குப் போய்வந்த பெருமையில் அது நினைவுக்கே வரவில்லை. வெட்கமாக இருந்தாலும், தொழில் தெரிந்தவர் வாய் சும்மா இருக்குமா?

"சுடாம குடுத்தா, தண்ணி பட்டதும் கரைஞ்சிடுமே சார்?"

"கரையத்தானேங்க வேணும்? சுடாம குடுங்க, எத்தனை செஞ்சாலும் எடுத்துக்கிறேன்." மகேஸ்வரி வருகிறாளா என்று உள்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுப் பாலகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். "முன்னாடியே சொன்னா செய்ய மாட்டேன்னுடுவீங்களோன்னு சொல்லலைங்க. அஸ்திய உள்ள வெச்சு மூடி, அப்படியே உங்க ஊரு மணிமுத்தாத்துல வுடறதுக்கு."