துணைத் தலைவருக்கு ஒரு போன்

கல்லூரியின் பழைய மாணவர்களுக்கான ஆண்டு மலர் தபாலில் வந்ததும், அவர் தன்னைப் பற்றிய பத்தியைப் படித்துப் புல்லரித்துப்போனார். 'சொந்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வாழ்வளித்து வருகிறார்.' அவரே எழுதி அனுப்பியதுதான்.

"ஏங்க, வேலை போய் வருஷமாகப் போகுது. இப்படி அளந்துவிட்டா எவன் வேலை குடுப்பான்?" என்றாள் மனைவி.

"வேலை இல்லைன்னு தெரிஞ்சா எவன் மதிப்பான்? இதோ பாரு, எங்க வகுப்புத் தூங்குமூஞ்சி! ஏதோ பெரிய கம்பெனியில நாலு நாட்டுக்குத் துணைத் தலைவராம். சரிசமமா பேசி, நைசா ஒரு வேலை கேட்டுடறேன்."

தூங்குமூஞ்சி முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"மச்சான், நானே உனக்குப் பண்ணணும்னு இருந்தேன்டா! மலர்ல படிச்சேன்!"

"அட, அதெல்லாம் உங்க ஆசீர்வாதம்டா" என்று சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. வெகுநேரம் 'ம்' கொட்டினார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுக்கெல்லாமா கலங்குவாங்க?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"என்னங்க, வேலை இருக்காமா?"

"அவனுக்கும் வேலை போயிடுச்சாம்டி. என்கிட்ட வேலை கேட்டு அழறான்."

"ஐயோ பாவம்! நீங்க உண்மையைச் சொல்லிட்டீங்கல்ல?"

அவர் சட்டைக் காலரை நிதானமாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

"திங்கக்கிழமை வந்து சேந்துக்கச் சொல்லிட்டேன்."