டான் நதியைக் கடந்த குதிரை

டான் நதி இன்னும் சரியாக உறையவில்லை. பின்னால் பகைவர்கள் நெருங்கிவிட்டார்கள். எங்கள் சர்மாத்திய நாடோடிக் கூட்டம் குழந்தைகளோடும் வண்டிகளோடும் கரையில் தவித்தது. அப்போது மறுகரையிலிருந்து எங்கள் தலைவி ஃபசினாவின் சாம்பல் குதிரை பனிக்கட்டிமேல் நடந்து வந்தது.

"அண்ணி, அது போன மாசம் இதே ஆத்துல முழுகிச் செத்துச்சே!" என்றான் அவள் கொழுந்தன் கோதர்ஸ்.

"முழுகினதுக்குத்தான்டா ஆத்தைத் தெரியும். பயமா இருந்தா வாலைப் புடிச்சுக்கிட்டு வா!"

ஃபசினா அதில் ஏறி முன்னே போனாள். அது மிதித்த வழியெல்லாம் பனி தாங்கியது. கடைசி வண்டி கரையேறியதும் பனி பிளந்தது. பகைவர்கள் அக்கரையிலேயே நின்றார்கள். நாங்கள் வாளை உயர்த்தி ஆர்ப்பரித்தோம். ஃபசினா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

வசந்தத்தில் மேற்கே புறப்பட்டபோதும் அதன் பிடரியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.