மொட்டை மாடியில் ஒரு ராக்கெட்

“என் தம்பி என்ன ராக்கெட்டா?” என்று மனைவி கேட்டாள்.

“இப்போதைக்கு ஆமாம்” என்றார் மருந்துக்கடைக்காரர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே.

விஷயம் இதுதான். துறைமுகத்துக்கு ஐம்பது வயது ஆகிறது என்று கடற்கரையில் வாணவேடிக்கை அறிவித்திருந்தார்கள். அதைப் படம் பிடித்தே தீருவது என்று மருந்துக்கடைக்காரர் ஒரு கேமராவும் மூன்று கால் ஸ்டாண்டும் வாங்கியிருந்தார். கேமரா விற்றவர், அது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று பயமுறுத்தி அனுப்பிவிட்டார். ராக்கெட் கிளம்பும்போதே ஷட்டரைத் திறக்க வேண்டுமாம். வெடித்து உதிரும்வரை திறந்தே வைத்திருந்து அப்புறம்தான் மூட வேண்டுமாம். முந்தினால் வெறும் கோடு, பிந்தினால் வெறும் புகை. பழகப் பழகத்தான் வருமாம்.

பழகுவதற்கு ராக்கெட்டுக்கு எங்கே போவது?

வீட்டில் மைத்துனன் சும்மாதான் இருந்தான். லிஃப்ட் கம்பெனியில் வேலை போனதிலிருந்து மூன்று மாதமாக சோபாவே கதி என்று கிடந்தான். அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், கைக்கு ஒரு டார்ச்சாக இரண்டு கொடுத்து, குந்தச் சொன்னார். “உஸ்ஸ்ஸ்” என்று மெல்ல எழுந்திருக்க வேண்டும். நுனிக்காலில் நின்று “டமார்” என்று குதிக்க வேண்டும். பிறகு கைகளை விரித்து, டார்ச்சுகளைச் சுழற்றிக்கொண்டே உதிர வேண்டும்.

முதல் நாளே தகராறு.

“நீ முன்னாடியே வெடிச்சுடறே.”

“நீங்க மூணு எண்ணி முடிக்கிறதுக்குள்ள எனக்கு முட்டி கழண்டுபோகுது அத்தான். ராக்கெட்டுக்கு முட்டி கிடையாது. எனக்கு ரெண்டு இருக்கு.”

போகப் போகப் பிடிபட்டது. தினமும் இருட்டியதும் ஏழு மணிக்கு ஆரம்பிப்பார்கள். வாணவேடிக்கைக்கு மீதமிருந்த இருபது நாளும் நாளைக்கு அறுபது தடவை வெடித்தான் மைத்துனன். டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டினால் சிவப்பாக வெடிப்பான், பச்சை ஒட்டினால் பச்சையாக. அக்கம்பக்கத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். மனைவிக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

வாணவேடிக்கை நாள் வந்தது. மருந்துக்கடைக்காரர் நூற்று நாற்பது படம் எடுத்தார். காற்று அவர் பக்கமாக அடித்ததில் நூற்று முப்பத்தொன்பதில் புகைதான். ஒன்றே ஒன்றில் மட்டும் தங்கக் கொத்து ஒன்று வானம் கொள்ளாமல் விரிந்திருந்தது. அதற்குச் சட்டம் போட்டு, கடையில் இருமல் மருந்து அடுக்கியிருந்த அலமாரிக்கு மேலே மாட்டினார். மைத்துனனைக் கூப்பிட்டு, இனிமேல் வெடிக்க வேண்டாம், போய் வேலை தேடு என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ஏழு மணிக்கு மாடியில் “உஸ்ஸ்ஸ்” என்று கேட்டது.

அடுத்த நாளும் கேட்டது. கேமரா இல்லை, ஸ்டாண்டு இல்லை, ராக்கெட் மட்டும் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, உடம்புக்கு நல்ல பயிற்சி என்றான்.

மனைவி அரண்டுபோனாள். “ராக்கெட் ராக்கெட்டுன்னு சொல்லி அவன் புத்தியைக் கலக்கி வச்சுட்டீங்க. இப்ப எந்த டாக்டர்கிட்ட காட்டறதுன்னு நீங்களே சொல்லுங்க.”

மருந்துக்கடைக்காரருக்கும் உள்ளூர உதறல்தான். போதாக்குறைக்கு, எதிர்க் கட்டடத்து டீச்சரம்மா கணவருக்கு மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தவர், மாடியில் குதிக்கிறது உங்கள் மைத்துனர்தானே என்று கேட்டுவிட்டார். கடையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். டீச்சரம்மா மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மருந்துக்கடைக்காரர் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டு, இன்றோடு நிறுத்திவிடுவதாக வாக்கும் கொடுத்து, அடுத்தவர் சீட்டைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அன்று ஏழு மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நேரே மாடி ஏறினார். மறுநாள் காலை மைத்துனனுக்கு ஒரு நேர்முகத் தேர்வு வேறு இருந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு.

மைத்துனன் நுனிக்காலில் நின்றிருந்தான். இரண்டு டார்ச்சும் தலைக்கு மேலே உயர்ந்திருந்தன. ஆனால் வெடிக்கவில்லை.

“போதும், கீழே வா. ஊரே சிரிக்குது.”

“கொஞ்சம் இருங்க அத்தான்.”

“எதுக்கு இருக்கணும்? வெடிக்கிறதுன்னா வெடிச்சுத் தொலை.”

“நானா வெடிக்கக் கூடாது. அவர் சொல்லணும்.”

மோவாயால் எதிர் ஜன்னலைக் காட்டினான். அங்கே சக்கர நாற்காலியில் டீச்சரம்மாவின் கணவர் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து, பேச்சு நின்று எட்டு மாதம். அந்த எட்டு மாத மாத்திரையும் மருந்துக்கடைக்காரர் தன் கையால் எண்ணிக் கொடுத்ததுதான்.

“நாம பழகிட்டிருந்தப்பவே அவர் வாயை அசைக்கிறதைப் பார்த்தேன். நாலு நாளா ‘ட’ வரைக்கும் வந்திருக்காரு. வேற ஆள் பார்த்தா கூச்சப்படுவாரு. நீங்க அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால குந்திக்குங்க.”

மருந்துக்கடைக்காரர் போய்க் குந்தினார்.

எதிரே அந்த வாய் கோணியது. உதடு துடித்தது. “ட...” என்று ஒரு சத்தம் வந்து நின்றுபோயிற்று. மறுபடியும் “ட...” டீச்சரம்மா நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். மைத்துனன் தூக்கிய கையைத் தாழ்த்தவில்லை.

“ட... மார்” என்றார் அவர்.

மைத்துனன் வெடித்தான்.