பலகையில் நேற்றைய காற்று

படகுத்துறைக் கொட்டகையின் வாசலில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. தினமும் காலையில் அதில் கடல் நிலவரம் எழுதிப் போடுவது அவள் வேலை. குளிர் விட்டு வெயில் தலைகாட்டும் இந்த வசந்த நாட்களில் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் சூடேறிவிட்டதா? சூடேறினால் மீன் கரைப்பக்கம் வரும். அந்த அவசரத்தில் இன்று காலை தண்ணீரின் சூட்டை மட்டும் மாற்றி எழுதியவள், அதன் கீழே 'காற்று மிதம்' என்று நேற்று எழுதிய வரியைத் தொடவே இல்லை. அதைப் படித்துவிட்டுத்தான் அவள் தம்பி தனியாகப் படகை எடுத்துப் போயிருக்கிறான். இப்போது தகரக் கூரை தடதடக்கிறது. கட்டிக் கிடக்கும் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன. வெயில் மட்டும் தனக்கென்ன என்று பளீரென அடிக்கிறது. கொட்டகைக்குள் உட்கார்ந்து வயர்லெஸ் பொத்தானை அழுத்தி அழுத்தி அவள் கட்டைவிரல் மரத்துவிட்டது. "டேய், கேக்குதா? திரும்பி வந்துடுடா!" பக்கத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கிறவர் சுத்தியலைக் கீழே வைக்கிறார். "கெட்டிக்காரன்மா அவன், வந்துடுவான்" என்கிறார், அவள் முகத்தைப் பார்க்காமல். கரகரப்புக்கு நடுவே திடீரென்று தம்பியின் குரல், சிரிப்போடு: "அக்கா, நீ பேசுறது ஒண்ணும் புரியல. இங்க காத்து ஏறுது. ஆனா நீதான் மிதம்னு எழுதியிருக்கியே, அடங்கிடும். இன்னொரு தடவ வலை போட்டுட்டு வரேன்." பிறகு வெறும் இரைச்சல். அவள் எழுந்தோடி அந்த வரியை உள்ளங்கையால் அழிக்கிறாள். திரும்பி வந்து மறுபடி அழுத்துகிறாள். பொத்தான் முழுக்கச் சாக்பீஸ் வெள்ளை.