பத்து வாளி

"அடுத்ததா, சாருக்கு எல்லாரையும் விட நெருக்கமா இருந்தவர் பேசுவார்" என்று எதிர்வீட்டு டீச்சர் மைக்கில் சொன்னதும், இரங்கல் கூட்டத்துக்கு வந்தவர்கள் பக்கத்து வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பின்னாடி தெரியுதே, அந்த மல்பெரி மரம். அது பட்டுப்போக இருந்தது. தினம் சாயங்காலம் பத்து வாளி தண்ணி ஊத்திக் காப்பாத்தினது இவர்தான். பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யாது" என்றார் டீச்சர். சாரின் மகள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். டீச்சருக்கு அதைப் பற்றியெல்லாம் கவலையில்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது வாய் ஓயாத மனிதருக்கு அன்று நாக்கு ஒட்டிக்கொண்டது. "நல்ல மனுஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

அடைத்தது துக்கமல்ல, வெட்கம். அந்த மரத்தைப் பட்டுப்போக வைத்ததே அவர்தான்.

மதிலைத் தாண்டி நீண்ட கிளை, அவருடைய இரண்டு வெள்ளைக் கார்கள் மீதும் பழத்தைக் கொட்டிக் கறையாக்கியது. வெட்டச் சொல்லி மூன்று முறை கேட்டார். "பறவைங்க சாப்பிடுதே, பழம் முடியட்டும்" என்று மூன்று முறையும் சிரித்தார் சார். மண் ஆராய்ச்சியில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மண்புழுவுக்குக் காட்டிய மரியாதையில் பாதியைக்கூட வெள்ளைக் காருக்குக் காட்டவில்லை.

சார் தினமும் காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு மலையேறப் போவார். திரும்ப இரண்டு மணி நேரமாகும். அந்த நேரம் பார்த்து, கல் உப்பைக் கரைத்து மதில் மேலிருந்து வேரில் கொட்டிவந்தார் டிரைவிங் ஸ்கூல்காரர். ஒரு வாரத்தில் இலை ஓரமெல்லாம் கருகியது.

அன்று சாயங்காலம் சார் மதிலருகே வந்து நின்றார். இவர் கார் டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"மரத்துக்கு உடம்பு சரியில்லை தம்பி. எனக்கு முதுகு வலி, வாளி தூக்க முடியலை. தினம் ஒரு பத்து வாளி ஊத்தித் தர்றீங்களா?"

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாவெறுப்பாக ஊற்றப் போனவர், சாரின் பேச்சில் மயங்கிப்போனார். காலையில் மலை உச்சியில் பார்த்த குருவிகளைப் பற்றி, சார் நாற்காலியில் சாய்ந்தபடி சொல்லிக்கொண்டே இருப்பார். உப்பு கொட்டுவது தானாக நின்றுபோனது. மூன்று மாதத்தில் மரம் துளிர்த்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முதல் வாளியில் நினைப்பார். பத்தாவது வாளியில், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார். போன வாரம் சார் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் மகளிடம் போய் நின்றார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. இந்த மரத்தைச் சாகடிக்கப் பார்த்தவனே நான்தான். வேர்ல உப்பைக் கொட்டினேன். அப்பாகிட்ட சொல்லத் தைரியம் வரலை. அவருக்குத் தெரியாமலே போச்சு."

மகள் மடித்த நாற்காலியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. அதுதான் அவரை இன்னும் குறுக வைத்தது.

"தெரியும்ணா. இலை கருகின அன்னைக்கே மண்ணை எடுத்து நாக்குல வச்சுப் பார்த்துட்டு எனக்கு போன் பண்ணார். தினம் நிறையத் தண்ணி ஊத்தினா உப்பு வேரை விட்டுக் கீழே இறங்கிடும், மரம் பிழைச்சுக்கும்னு சொன்னார்."

"தெரிஞ்சுமா என்னைக் கூப்பிட்டார்? பாவம், முதுகு வலி இல்லேன்னா அவரே ஊத்தியிருப்பார்."

"முதுகு வலியா? அப்பாவுக்கா?" மகள் லேசாகச் சிரித்தாள்.

"கொட்டினவரே கழுவட்டும்னார்."