சைன் முப்பது

வியர்க்க விறுவிறுக்கக் கடைக்குள் பாய்ந்தவனைக் கடைக்கார அக்காவுக்குப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. போன வாரம் அலமாரியையே கலைத்துப் போட்டு, இன்ஜினியரிங் காலேஜுக்கு என்று இருப்பதிலேயே உசத்தியான கால்குலேட்டரை வாங்கிப் போனவன்.

"அக்கா, இந்தச் சனியன் கழுத்தறுத்துடுச்சு! சைன் முப்பதுக்கு அரைதானே வரணும்? இப்ப சந்தேகம் வந்து போட்டுப் பார்த்தா மைனஸ்ல என்னவோ வருது. மெஷின்தான் கோளாறுன்னு எழுதிக் குடுங்க. இல்லேன்னா நான் செத்தேன்!"

அக்காவுக்குப் பாவமாக இருந்தது. சைன் போடக்கூடியவற்றில் இருப்பதிலேயே மலிவான கால்குலேட்டரை எடுத்து அவனிடமே கொடுத்தாள். தட்டினான். அரை வந்தது.

"சரி, இதை வெச்சுக்கிட்டு அதைக் குடுங்க தம்பி."

அவன் இரண்டையும் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தான். மலிவானதின் திரை மூலையில் சின்னதாக 'டி' என்ற எழுத்து. அவனுடையதில் 'ஆர்'. அப்படியே ஸ்டூலில் சரிந்துவிட்டான்.

"கோளாறு இல்லைக்கா. கோணத்தை டிகிரியில எடுக்காம ரேடியன்ல எடுத்திருக்கு. வாங்கின அன்னிக்கு நான்தான் மாத்தி வெச்சேன். எல்லாக் கணக்கும் தப்பு."

"விடுங்க தம்பி. உங்க சார் கால்ல விழுந்தாவது கேளுங்க. புள்ளைங்க தப்பை மன்னிக்காமலா போயிடுவாரு?"

"அந்த சாரே நான்தான்க்கா!" தலையில் அடித்துக்கொண்டான். "வகுப்பு மொத்தமும் ஒரே விடை எழுதியிருந்துச்சு. எனக்கு மட்டும் வேற வந்துச்சு. அத்தனை பேரும் காப்பின்னு ஆளுக்கொரு முட்டையைப் போட்டு, பேப்பரை எல்லாம் பிரின்சிபால் கையில குடுத்துட்டு வந்திருக்கேன்!"